இருபதைக் கழற்றிவிட்டு நாற்பத்தைந்தை வைத்த கதை

அப்பா 1991-இல் கட்டிய வள்ளம் என்னுடையது. 28 அடி நீளம், அயினிப் பலகை, வேம்பில் வங்குக்கால் (பலகையைத் தாங்கும் விலா எலும்பு மாதிரியான சட்டம்). நடுவில் ஒரு மரப்பெட்டி, அதற்குள் 20 குதிரைத்திறன் டீசல் இன்ஜின். அதிலிருந்து ஏராவை (அடிக்கட்டையை) ஒட்டி ஷாஃப்ட் இறங்கி, சுக்கானுக்கு முன்னால் புரொப்பல்லரில் முடியும். மண்டபம் வடக்குக் கரையில் இப்போது திரும்பிய பக்கமெல்லாம் ஃபைபர் படகும் பின்னால் தொங்கும் அவுட்போர்டும்தான். உள்ளே இன்ஜின் வைத்த மர வள்ளத்தை ஓட்டுகிறவர்கள் குறைந்துவிட்டோம். அதனால் இதில் ஒரு சிக்கல் வந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் கிடைப்பதில்லை. எனக்கும் கிடைக்கவில்லை. ஏறக்குறைய மூன்று லட்ச ரூபாயும் முப்பத்தைந்து நாளும் போன பிறகு எழுதுகிறேன், இதே நிலையில் இருக்கிற வேறு யாராவது படிக்கட்டும் என்று.

நான் போடுவது நண்டு வலை. வலை கிடக்கிற இடம் கரையிலிருந்து 12 கடல் மைல். அப்பா காலத்தில் ஆறரை நாட் (மணிக்கு ஆறரை கடல் மைல்) ஓடிய வள்ளம் என் கையில் 5.2-க்கு வந்திருந்தது. விடியற்காலையில் வலையை இழுத்து முடித்துத் திரும்பினால், கரை சேர 2 மணி நேரம் 18 நிமிடம். எனக்குப் பின்னால் கிளம்பும் ஃபைபர்காரர்கள் வழியில் கையைக் காட்டிவிட்டுத் தாண்டிப் போவார்கள். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேரும்போது ஏலம் முக்கால்வாசி முடிந்திருக்கும், நல்ல விலை கேட்ட வியாபாரி ஐஸ் பெட்டியை மூடிக்கொண்டிருப்பார். ஒரே கடல், ஒரே நண்டு, ஆனால் எனக்கு மட்டும் கிலோவுக்கு ஐம்பது, அறுபது ரூபாய் குறையும். இது ஒரு வருடம் நடந்தால் மனுசனுக்கு மண்டை காயாதா?

கரையில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "எச்பி பத்தலண்ணே." நானும் அதையே நம்பினேன். பெரிய இன்ஜின், பெரிய வேகம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. கியர்பாக்ஸோடு 45 குதிரைத்திறன் பழைய இன்ஜின் ஒன்று 2,60,000 ரூபாய்க்குக் கிடைத்தது. கொஞ்சம் கையிலிருந்தது, மீதி வீட்டுக்காரியின் வளையல்கள். இன்ஜின் உட்காரும் கட்டையை அகலமாக்கித் தர ஆசாரிக்கு 28,000. தூக்கி இறக்க 6,000. பழைய இருபதைத் தொண்டிப் பக்கத்து ஆள் ஒருவருக்கு 40,000-க்குக் கொடுத்தேன். ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் அது.

பணத்தைவிட நாள் போனதுதான் அதிகம் வலித்தது. பாம்பன் தெற்குவாடியில் வள்ளத்தை ஏற்றியது மே மாதம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு முழுக்கக் கரையில் ஏறி நிற்கும். இது பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். ஆனால் ஊரில் இருக்கிற ஆசாரி, மெக்கானிக், வெல்டர், பெயிண்டர் எல்லோரும் அந்த இரண்டு மாதமும் விசைப்படகு வேலையில் மாட்டிக்கொள்வார்கள் என்பது மட்டும் எப்படியோ புத்தியில் படவில்லை. பத்து நாள் வேலை 27 நாள் இழுத்தது. சின்ன வள்ளம் வைத்திருப்பவர்கள் மரவேலை, இன்ஜின் வேலையைத் தடைக்காலம் தொடங்குமுன்பே முடித்துக்கொள்ளுங்கள், இல்லை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினை மாற்றினால் பதிவுப் புத்தகத்திலும் மாற்ற வேண்டும், அதை வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். நான் வாங்கிய பிறகு விசாரித்தேன். அந்த அலைச்சலை எழுதினால் இன்னொரு கட்டுரை ஆகிவிடும்.

ஜூன் நடுவில் இறக்கினோம். பாம்பன் கால்வாயில் வடக்கே பார்த்து முழு ரேஸ் கொடுத்தேன், அதாவது இன்ஜினை முழுவதுமாக முடுக்கினேன். போன் ஜிபிஎஸ்ஸில் 7.9 நாட்! மச்சான் அணியத்தில் (வள்ளத்தின் முன்முனையில்) நின்று கத்தினான். பாலத்தைத் தாண்டி மண்டபம் வரும்வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அன்றைக்கு ஐந்து பேருக்கு பிரியாணி என் செலவு. மறுநாள் ஆயில் கசிகிறது என்று அதே கால்வாய் வழியாகத் தெற்கே மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அதே இன்ஜின், அதே ரேஸ். போன் 4.1 காட்டியது. போன் கெட்டுப்போச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. அது சோநீவாடு (தெற்கிலிருந்து வடக்கே போகும் நீரோட்டம்) ஓடுகிற காலம். தென்கடல் (மன்னார் வளைகுடா) தண்ணீர் பாம்பன் வாய்க்குள் புகுந்து வடகடலுக்கு (பாக் விரிகுடாவுக்கு) இழுத்துக்கொண்டு போகும். முதல் நாள் என்னை ஓட்டியது இன்ஜின் மட்டுமல்ல, நீவாடும்தான். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 6.0. ரோட்டில் வண்டி ஓடினால் ரோடு நிற்கும். கடலில் ரோடே நடக்கும். வேகம் பார்ப்பதென்றால் ஒரே தூரத்தைப் போகவும் வரவும் ஓட்டி, இரண்டின் சராசரியை எடுங்கள். சின்னப் பிள்ளையிலிருந்து நீவாடு பார்த்து வலை போடுகிற எனக்கே ஜிபிஎஸ்ஸைக் கண்டதும் அது மறந்துவிட்டது.

ஆக 5.2 இருந்த இடத்தில் 6.0. அதுவும் டீசலைக் கணக்குப் பார்க்கும்வரைதான் சந்தோஷம். பழையது முழு ரேஸில் மணிக்கு 4 லிட்டர்கூடக் குடிக்காது. புதியது 8 லிட்டருக்கு மேல். போகவர நாலு மணி நேரம் என்றால் தினமும் 16 லிட்டர் கூடுதல், கிட்டத்தட்ட 1,500 ரூபாய். ஏலத்தில் கூடுதலாகக் கிடைத்தது அதில் பாதிகூட இல்லை. முழு ரேஸில் புகைக்குழாயில் கறுப்புப் புகை, வள்ளத்தின் பின்பக்கம் தண்ணீருக்குள் குந்தும், அணியம் வானத்தைப் பார்க்கும். பார்க்கிறவர்களுக்கு வேகமாகப் போவது மாதிரித்தான் இருக்கும். அந்த ஒரு வாரம் நான் வீட்டில் சரியாகப் பேசவில்லை. வளையல் இல்லாத கையால் சோறு போடுகிறாள், நான் தலைகுனிந்து சாப்பிடுகிறேன்.

சித்தப்பா ஒருவர்தான் கீழக்கரையில் இருக்கிற ஒரு காக்காவிடம் (முஸ்லிம் பெரியவரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) போகச் சொன்னார். கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கதை முழுவதையும் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி. "தம்பி, முழு ரேஸ் குடுத்தா நிமிசத்துக்கு எத்தன சுத்து வருது?" எனக்குத் தெரியாது. பழைய இன்ஜினில் மீட்டர் எப்போதோ செத்துப்போனது, புதியதில் வயரே கிடையாது. அவர் கோபப்படவில்லை. "பாக்காம எப்படித் தம்பி இன்ஜினை மாத்துனீங்க?" என்று மட்டும் கேட்டார். அது கோபத்தைவிட மோசம்.

அவர் சொன்னபடி 1,200 ரூபாய்க்குக் கையில் பிடிக்கும் லேசர் டாக்கோமீட்டர் ஒன்று வாங்கினேன். ஷாஃப்ட்டை நன்றாகத் துடைத்து, கூடவே வரும் பளபளப்பான ஒட்டுத்தாளில் விரல்நகம் அளவு வெட்டி ஒட்ட வேண்டும். வள்ளம் ஓடும்போது பெட்டிக்குள் குனிந்து சிவப்புப் புள்ளியை அதன் மேல் பிடித்தால் சுற்று எண் வந்துவிடும். ஷாஃப்ட்டில் 1050 வந்தது. கியர் இரண்டுக்கு ஒன்று, ஆகவே இன்ஜின் 2100. அதன் தகட்டில் பொறித்திருப்பது 2400. முழு ரேஸிலும் தகட்டில் போட்ட சுற்றுக்கு இன்ஜின் வரவில்லை என்றால், அதன் கழுத்தை ஏதோ பிடித்திருக்கிறது என்று அர்த்தம். கறுப்புப் புகை அதன் இருமல். பிடிப்பது பெரும்பாலும் அளவுக்கு மீறிய புரொப்பல்லராகவோ அடியில் ஒட்டியிருக்கும் அழுக்காகவோ இருக்கும். காற்று பத்தாவிட்டாலும் இப்படி ஆகும். அதைப் பார்ப்பது சுலபம், இன்ஜின் பெட்டியின் மூடியைத் தூக்கிவிட்டு மறுபடி சுற்றை அளந்து பாருங்கள். எனக்கு மூடி திறந்ததும் நாற்பது சுற்று கூடியது. பெட்டியின் இரண்டு பக்கமும் துளை போட்டுக் கம்பிவலை அடித்ததோடு அந்தப் பிரச்சினை முடிந்தது.

புரொப்பல்லருக்கு வருவோம். அதன் நடுக்குடத்தில் இரண்டு எண் வெட்டியிருக்கும். என்னுடையதில் 18 × 16. முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். பிட்ச் என்பது, வழுக்கல் இல்லாவிட்டால் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னே போகும் என்ற கணக்கு. மரத்தில் ஸ்க்ரூ இறங்குவது மாதிரி. மூன்று வருடத்துக்கு முன் பாரில் (கடலடிப் பாறையில்) தட்டி அப்பா போட்டிருந்த புரொப்பல்லர் உடைந்தபோது, நான்தான் இதைப் பழைய கடையில் வாங்கி மாட்டினேன். அப்பாவுடையது 18 × 12. கடைக்காரர், "பிட்ச் கூட இருந்தா வேகம் கூடும்" என்றார், நானும் தலையாட்டினேன். வள்ளம் மந்தமானது அன்றைக்குத்தான். மூன்று வருடமாக அந்த இருபது இன்ஜின் முழுச் சுற்றுக்கு வர முடியாமல் திணறியிருக்கிறது, நான் அதற்கு வயதாகிவிட்டது என்று நினைத்திருக்கிறேன். சைக்கிளில் மேட்டில் ஏறும்போது கடினமான கியரைப் போட்டுவிட்டு, மிதிக்கிறவனுக்குத் தெம்பில்லை என்று ஆளை மாற்றிய கதை.

காக்கா ஒரு கணக்கு எழுதிக் கொடுத்தார், அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. ஷாஃப்ட்டின் நிமிடச் சுற்றைப் பிட்ச் அங்குலத்தால் பெருக்கி 1215-ஆல் வகுத்தால், வழுக்காமல் போனால் வரவேண்டிய நாட் கிடைக்கும். என் கணக்கு: 1050 × 16 ÷ 1215, ஏறக்குறைய 13.8. ஓடியதோ 6.0. பாதிக்கு மேல் வழுக்கல். கனமான வள்ளத்துக்கு நூற்றுக்கு முப்பது, நாற்பது வழுக்கல் சகஜம். ஐம்பதைத் தாண்டினால் எங்கோ தப்பு என்றார். இந்தக் கணக்குக்கு ஒரு பேனா போதும், 2,60,000 ரூபாய் தேவையில்லை.

அடுத்து அவர் சொன்னதுதான் என் கர்வத்தை உடைத்தது. நீர்க்கோட்டில் வள்ளம் எத்தனை அடி என்று கேட்டார். 25. "அதுக்கு வர்க்கமூலம் 5. 1.34-ஆல பெருக்குங்க. 6.7. ஒங்க வள்ளத்தோட சௌகரியமான வேகம் அவ்வளவுதான் தம்பி." உருண்ட அடி கொண்ட வள்ளம் ஓடும்போது முன்னால் ஓர் அலையையும் பின்னால் ஓர் அலையையும் கிளப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளம் கூடும். அலையின் நீளம் வள்ளத்தின் நீளத்தைத் தாண்டத் தொடங்கியதும் அணியம் ஒரு மேட்டிலும் பின்பக்கம் ஒரு பள்ளத்திலும் மாட்டிக்கொள்ளும். அதற்கு மேல் போவதென்றால் தானே எழுப்பிய மேட்டில் தானே ஏற வேண்டும். ஏறலாம், கொஞ்சம் ஏறும், ஆனால் டீசலைத் தண்ணீராய் ஊற்ற வேண்டும். ஃபைபர் படகின் தட்டையான அடி தண்ணீருக்கு மேலே எழுந்து வழுக்கிக்கொண்டு ஓடும். அந்த உடம்பு வேறு, இந்த உடம்பு வேறு. 45 அல்ல, 90 வைத்தாலும் அப்பாவின் வள்ளம் ஃபைபர் ஆகாது. 6.7-க்கு மூன்று டன் வள்ளத்துக்குப் பழைய இருபதே தாராளம். இதைக் கேட்டுவிட்டுக் கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் வரும்வரை பஸ்ஸில் யாரோடும் பேசவில்லை.

திரும்பி வந்ததும் முதல் வேலையாகத் தண்ணீருக்குள் இறங்கிப் பார்த்தேன். மே மாதம் ஏற்றியபோது அடியைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்தோமே என்ற தெம்பு. கையால் தடவியதும் உள்ளங்கை கிழிந்தது. கொட்டலசு, அடியில் ஒட்டி வளரும் கூரான ஓட்டுப் பிராணி. அரிசி அளவில், பட்டாணி அளவில், ஏராவின் ஓரமெல்லாம் வரிசையாக. பாசி ஒட்டாத பெயிண்ட்தான் அடித்தோம், ஆனால் இன்ஜின் வேலை இழுத்ததில் அடித்த பிறகு மூன்று வாரம் வெயிலில் நின்றுவிட்டது. டப்பாவிலேயே இத்தனை நாளுக்குள் தண்ணீரில் இறக்கு என்று போட்டிருக்கிறது, டப்பாவைப் படிக்கிற பழக்கம் நமக்கு ஏது? புரொப்பல்லரை யாரும் தொடவே இல்லை. ஆசாரி பலகையைப் பார்த்தார், மெக்கானிக் இன்ஜினைப் பார்த்தார், இரண்டுக்கும் நடுவில் அது தப்பித்துவிட்டது. மூன்று தகட்டிலும் பழைய கொட்டலசு, ஒன்றின் மேல் ஒன்று வீடு கட்டி, ஓரம் சொரசொரவென்று அரம் போல் இருந்தது. தகட்டின் முகம் வழவழப்பாக இருந்தால்தான் தண்ணீரைத் தள்ளும். இது தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தது. பலகையைவிட முதலில் சுத்தமாக இருக்க வேண்டியது புரொப்பல்லர்தான். அதைச் சுரண்ட வள்ளத்தை ஏற்ற வேண்டியதில்லை. இன்ஜினை நிறுத்திச் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையுறை போட்டு, அரைமணி நேரம் முங்கினால் போதும். சாவியை இடுப்பில் கட்டுவது முக்கியம், மேலே நிற்கிற மச்சானை நம்பி இறங்காதீர்கள்.

மறுபடி ஏற்றினேன். சுரண்டலும் பெயிண்ட்டும் 9,000, மூன்றாம் நாளே தண்ணீரில் இறக்கினோம். புதிய 18 × 12 புரொப்பல்லர் 22,000. வாங்கும்போது ஷாஃப்ட் முனையின் சரிவும் சாவிக்காடியும் (புரொப்பல்லர் தனியாகச் சுற்றாமல் பிடிக்கும் கட்டை உட்காரும் பள்ளமும்) பொருந்துகிறதா, சுற்றுகிற திசை சரியா என்று பாருங்கள். வலச்சுற்றுக்கு இடச்சுற்று புரொப்பல்லரை மாட்டினால் முன்னுக்குப் போட்டால் பின்னுக்குப் போகும். சிரிக்காதீர்கள், நான் வாங்கிய கடையில் அப்படித் திரும்பி வந்த ஒன்று கிடந்தது.

இன்னொரு செலவு, இதுவும் என் அவசரத்தால். புதிய இன்ஜினை வைத்தபோது ஷாஃப்ட்டையும் கியர்பாக்ஸையும் சேர்க்கும் கப்ளிங்கை மெக்கானிக் கரையிலேயே சரிபார்த்து போல்ட்டை இறுக்கிவிட்டார். மர வள்ளம் கரையில் ஒரு மாதிரி நிற்கும், தண்ணீரில் ஊறி மிதக்கும்போது வேறு மாதிரி வளையும். கரையில் நேராக இருந்தது கடலில் கோணலாகிவிட்டது. நடுக்கத்தைப் பெரிய இன்ஜின் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டேன். ஒரு மாதத்தில் பின்னால் இருக்கும் ரப்பர் பேரிங் ஒரு பக்கமாகத் தேய்ந்து ஷாஃப்ட்டில் பள்ளம் விழுந்துவிட்டது. இரண்டுக்கும் 18,500. வள்ளத்தை இறக்கி இரண்டு மூன்று நாள் மிதக்கவிட்டு, பிறகு கப்ளிங் போல்ட்டைக் கழற்றி, இரண்டு முகத்துக்கும் நடுவில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்து நாலு பக்கமும் பார்க்க வேண்டும். நாலு அங்குலக் கப்ளிங்குக்கு நாலு பக்க இடைவெளியும் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. பலர் கிளாண்ட் (ஷாஃப்ட் வெளியே போகும் இடத்தில் தண்ணீர் புகாமல் அடைப்பது) ஒழுகுகிறது என்று இறுக்கிக்கொண்டே போவார்கள். ஷாஃப்ட் சுற்றும்போது சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருப்பதுதான் சரி, அதுதான் அதைக் குளிர்விக்கிறது. தொட்டுப் பாருங்கள், கை சுட்டால் கூடுதலாக இறுக்கிவிட்டீர்கள்.

எல்லாம் முடிந்து சோதனை ஓட்டம். மண்டபம் கரைக்குப் பக்கத்திலேயே ஓட்டிப் பார்த்தேன், 6.1தான் வந்தது. நெஞ்சு அடைத்தது. காக்காவுக்குப் போன் போட்டால், "தண்ணி எத்தன பாகம்?" என்றார். பாகம் என்றால் ஆறடி ஆழம். ஒரு பாகம்கூட இல்லை. பெண்கடல் என்று நாங்கள் சொல்கிற வடகடல் அமைதிதான், ஆனால் கரையோரம் ஆழம் கிடையாது. ஆழம் குறைந்த இடத்தில் அடியில் தண்ணீர் நகர இடமில்லாமல் பின்பக்கம் தரையை நோக்கி இழுக்கப்படும், வேகம் தானாகக் குறையும். மூன்று பாகத்துக்குத் தள்ளிப் போய், போகவும் வரவும் ஓட்டினேன். முழு ரேஸில் 2400 சுற்று, 7.2 நாட். 1900 சுற்றில் 6.5. அதோடு பின்பக்கம் வைத்திருந்த 200 லிட்டர் டீசல் டிரம்மை நடுவுக்கு நகர்த்தினேன். அதற்கு ஒரு பைசா செலவில்லை, பின்பக்கம் குந்துவது பாதி குறைந்தது.

இப்போது 1900-க்கு மேல் தொடுவதில்லை. 12 மைலுக்கு 1 மணி நேரம் 51 நிமிடம், மணிக்கு 5 லிட்டர். 7.2-இல் ஓட்டினால் 11 நிமிடம் முன்னால் வரலாம், ஆனால் ஒரு வழிக்கே 7 லிட்டர் கூட ஆகும். 11 நிமிடத்துக்கு 650 ரூபாய் கொடுக்க என் நண்டு தங்கத்தில் செய்ததில்லை. ஏலத்துக்கு முக்கால்வாசி நாள் நேரத்தோடு போய்விடுகிறேன். செலவு மொத்தம் 3,43,500, பழைய இன்ஜின் விற்ற 40,000 போக 3,03,500. டாக்கோமீட்டர், பிரியாணி கணக்கில் இல்லை. அடியைச் சுத்தம் செய்து பழைய அளவு புரொப்பல்லரை மாட்டியிருந்தால் 31,000-இல் முடிந்திருக்கும். வளையல் இன்னும் மீளவில்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குத் தொண்டி போயிருந்தேன். கரைப்பக்கம் நடந்துபோனபோது தெரிந்த சத்தம் ஒன்று காதில் விழுந்தது, டுக் டுக் டுக்கென்று, மூன்றாவது அடியில் கொஞ்சம் தயங்கி. என் இருபது. வாங்கினவர் என்னை அடையாளம் கண்டு கையசைத்து வள்ளத்தைப் பக்கத்தில் கொண்டுவந்தார். "நல்ல இன்ஜினு மாப்ள. ஆறரை நாட்டு அடிக்குது. ஏன் குடுத்தீங்க?" என்றார். கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன்.